சுவருக்கு அந்தப் பக்கம் போன லைன்

என் அண்ணியை எனக்கு வெகுகாலம் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நான் அவரைப் புகழத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன், நான் எப்போதும் அப்படித்தான் இருந்தேன் என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது.

பிடிக்காமல் போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். யார் என்ன சொன்னாலும் தன் கண்ணால் பார்க்காமல் அவர் நம்பமாட்டார். பால் பொங்கி அடங்கிவிட்டது என்று சொன்னால் எழுந்து போய்ப் பார்ப்பார். பல்லேபொல பஸ் போய்விட்டது என்றால் சந்தி வரை நடந்து, அங்கே நிற்கிற நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் திரும்புவார். மாத்தளை டவுனில் ஒரு வாசனைத் திரவிய ஸ்டோரில் அவருக்குத் தரம் பிரிக்கிற வேலை. மொட்டு உள்ள கராம்பை ஒரு பக்கம், மொட்டு உதிர்ந்ததை இன்னொரு பக்கம் என்று நாள் முழுக்கக் கையால் பொறுக்கிப் பொறுக்கி, மனுஷரையும் அப்படிப் பொறுக்கிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது என்று நான் என் மனைவியிடம் கேலி பேசுவேன்.

நானோ பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். சொன்னால் நாற்பது பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் இருந்தவனுக்கு, நான் சொன்னதையும் எழுந்து போய்ச் சரிபார்க்கிற ஒருவர் வீட்டுக்குள் இருப்பது எப்படி இருக்கும்?

எங்கள் அப்பா கட்டிய வீட்டை அண்ணனும் நானும் இரண்டாகப் பிரித்தபோதுதான் அது வெடித்தது. முன் ஹோலின் குறுக்கே சுவர் எழுப்ப வேண்டும். மேசன் பாஸ் கயிறு பிடித்து லைன் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அவர் வருவதற்குள் அண்ணி டேப்பை எடுத்து அளந்தார். இன்னொரு முறை அளந்தார். மூன்றாவது முறை டேப்பின் மறு நுனியை என்னையே பிடிக்கச் சொன்னார். "தம்பி, லைன் எங்க பக்கம் நாலு அங்குலம் வந்திருக்கு" என்றார்.

"அப்ப நான் கள்ளனா?" என்று கத்தினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துவிடும், வாய் மட்டும் வேலை செய்யும். என்னென்னவோ சொன்னேன். கயிற்றைப் பிடித்தது மேசன் பாஸ், கள்ளப் பட்டம் எனக்கா என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் அண்ணிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. நாலு அங்குலம் உண்மைதான், கயிற்றை நகர்த்தித்தான் சுவர் எழும்பியது. நானும் அண்ணனும் பேச்சை நிறுத்தினோம்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். சளி பிடித்திருக்கிறது என்று தெரியும், மருந்து குடித்தாரா என்று கேட்க முடியாது. பெண்கள் இருவருக்கும் இந்தச் சட்டம் கிடையாது. பின்பக்கத்து வேலியால் கறியும் சம்பலும் போய் வந்துகொண்டிருந்தன. அண்ணியின் கைப் பக்குவம் எனக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் தெரியாதவன் மாதிரி சாப்பிட்டு எழும்புவேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் மழை விட்டிருந்தது. மனைவி அவருடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். நான் விராந்தையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். படலை திறக்கிற சத்தம் கேட்டு நிமிர்ந்தால் அண்ணி. ஒரு கையில் டெஸ்டர், இன்னொரு கையில் புதிய லைட் வந்த அட்டைப் பெட்டியின் மூடி. என் வாசலுக்கு அவர் வந்து இரண்டு வருஷம்.

படியில் நின்றபடியே சொன்னார். "தம்பி, உங்க லைன் எங்க பக்கம் வந்திருக்கு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அதே வார்த்தை! விடைத்தாளை வைத்துவிட்டு எழுந்தேன். "இன்னமும் அந்தச் சுவர் கதைதானா? அதான் லைனை நகர்த்திக் கட்டியாச்சே! இப்ப எத்தனை அங்குலம்? போங்க, போய் சர்வேயரைக் கூட்டிக்கிட்டு வாங்க!"

அவர் நான் முடிக்கும் வரை பொறுமையாக நின்றார். பிறகு டெஸ்டரைத் தூக்கிக் காட்டினார். "சுவர் லைன் இல்ல தம்பி. கரண்டு லைன். உங்க அண்ணன் மேசையில ஏற நிக்கிறாரு."

பிறகு நடந்ததைச் சொன்னார். அவர்களுடைய முன்னறையில் அப்பா காலத்து லைட் ஹோல்டர் வெடித்துவிட்டது. அண்ணன் வட்டமான எல்.ஈ.டி. லைட் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். பிரித்த பிறகு அவர்கள் பக்கம் புதிய மீட்டர், புதிய போர்டு, ட்ரிப் சுவிட்ச் எல்லாம் உண்டு. அண்ணன் ட்ரிப் சுவிட்சை இறக்கிவிட்டு, மேசையில் ஏறி, சீலிங்கில் இருந்த பழைய வட்ட மூடியைக் கழற்றியிருக்கிறார். உள்ளே ஒரு கொத்து வயர். கையை வைக்கப் போனவரை அண்ணி இறங்கச் சொல்லியிருக்கிறார்.

"கரண்ட் இல்லடி, நான்தானே இப்ப இறக்கினேன்னு சொன்னாரு. நான் கேக்கல. ஏறி டெஸ்டரை வச்சேன். டெஸ்டர்ல லைட்டு பத்துது."

பகல் வெளிச்சம் பட்டு அப்படித் தெரிகிறது என்று அண்ணன் சொன்னாராம். அண்ணி ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு மறுபடி ஏறினார். அப்போதும் டெஸ்டர் பற்றியது. டெஸ்டர் பழுது என்று அண்ணன் சொன்னார். அண்ணி ட்ரிப் சுவிட்சை ஏற்றி, குசினி பிளக்கில் வைத்துப் பார்த்து, டெஸ்டர் சரி என்று கண்டு, மறுபடி இறக்கி, மறுபடி ஏறிப் பார்த்திருக்கிறார். எட்டு வயரில் இரண்டில் மட்டும் டெஸ்டர் விடாமல் எரிந்தது. ஒவ்வொரு வயரும் எந்தத் திருகாணியில் இருக்கிறது என்று பெட்டி மூடியில் பேனையால் படம் கீறி, எரிகிற இரண்டுக்கும் புள்ளி வைத்து எடுத்து வந்திருந்தார். ஒன்று சுவர்ப் பக்கமிருந்து வருகிறது, மற்றது தெருப் பக்கம் போகிறது.

"தெருப் பக்கம் எங்களுக்கு லைட்டே இல்ல. உங்க விராந்தை லைட்டுதான் இருக்கு" என்றார்.

நான் தலையைத் தூக்கி விராந்தை பல்பைப் பார்த்தேன். தினமும் ஆறு மணிக்குப் போடுகிற பல்பு. அதற்கு வருகிற கரண்ட் என் போர்டிலிருந்து கிளம்பி, கூரைப் பலகைக்கு மேலாகச் சுவரைத் தாண்டி, அண்ணன் வீட்டு சீலிங்கில் ஒரு திருகாணியைத் தொட்டு, அங்கிருந்து திரும்பி என் விராந்தைக்கு வருகிறது. அப்பா காலத்தில் அது ஒரே ஹோல், ஒரே வீடு. வயரிங் பாஸ் பிரிக்கும்போது இந்த ஒரு இணைப்பை மட்டும் மறந்துவிட்டார். அண்ணனும் நானும் பேசிக்கொண்டிருந்தால், "பழைய லைன் எல்லாம் வெட்டியாச்சா?" என்று ஒருவர் மற்றவரைக் கேட்டிருப்போம். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களுக்கு வயரைப் பற்றி என்ன கவலை.

என் பக்கம் இருப்பது அப்பா காலத்துப் போர்டு. ட்ரிப் சுவிட்ச் கிடையாது. கரண்ட் ஆளைப் பிடித்தால் தானாக விடாது. இதை நான் பிள்ளைகளுக்குப் படம் போட்டுப் படிப்பித்திருக்கிறேன். இப்போது அந்தப் படத்தில் அண்ணன் நின்றார்.

"நீங்க மெயினை இறக்குங்க தம்பி. இறக்கிட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி போனார். நான் உள்ளே ஓடினேன். இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச், பக்கத்தில் கைப்பிடி. எத்தனையோ வருஷமாக அதை யாரும் தொட்டதில்லை. பிடித்து இழுத்தேன், எதிர்பார்த்ததைவிட இலேசாக இறங்கிவிட்டது. பிறகு ஹோலுக்கு வந்து சுவருக்கு முன்னால் நின்றேன்.

இப்போது சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது? அண்ணியைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் வயரில் கை வைக்கப் போவது அண்ணன். அண்ணிக்கு உயரம் போதாது. டெஸ்டரை நீட்டித் தொடுவார், இரண்டு கையையும் உயர்த்தித் திருகாணி கழற்ற முடியாது. அண்ணனிடம்தான் சொல்ல வேண்டும்.

"அண்ணே," என்றேன். மறுபடியும் உரக்கச் சொன்னேன். "அண்ணே, இறக்கிட்டேன். இப்ப தொடலாம்."

அந்தப் பக்கமிருந்து அண்ணன் குரல் வந்தது. "சரிடா."

அந்த 'டா'வைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். மேசை கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. அண்ணன் ஏறுகிறார்.

"நில்லுங்க!" அண்ணியின் சத்தம். "இறங்குங்க கீழே. நான் பாக்கணும்."

"அவன்தான் இறக்கிட்டேன்னு சொல்றானே."

"சொன்னாரு. நான் பாக்கணும்."

எனக்கு மறுபடி அந்தப் பழைய கோபம் எட்டிப் பார்த்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் இரண்டு வார்த்தை பேசியிருக்கிறோம், அதிலும் சந்தேகமா! கைப்பிடியை இழுத்தவன் நான். என் கையால் இழுத்தேன். இந்த மனுஷிக்கு எதில்தான் நம்பிக்கை?

"தம்பி," என்றார் அண்ணி சுவருக்கு அப்பாலிருந்து. குரலில் பதற்றமே இல்லை. "இன்னும் பத்துது."

நான் ஹோல் சுவிட்சைத் தட்டினேன். ஹோல் லைட் பளிச்சென்று எரிந்தது.

கைப்பிடி கீழே இருந்தது, கரண்ட் மேலே ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ தேய்ந்து போய், கைப்பிடி மட்டும் சும்மா இறங்கியிருக்கிறது. ஒரு லைட்டைப் போட்டுப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். மின்சுற்று பரிசோதிப்பது எப்படி என்று ஒன்பதாம் வகுப்புக்கு நோட்ஸ் கொடுக்கிற நான் அதைச் செய்யவில்லை. சொல்ல வேண்டிய வார்த்தையை நினைத்துக்கொண்டு நின்றேனே தவிர, சொல்வது உண்மையா என்று பார்க்கவில்லை.

மெயின் சுவிட்சுக்குக் கீழே இருந்த மூன்று பீங்கான் பியூஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஹோல் லைட் அணைந்தது. பிளக்கில் போட்டிருந்த போன் சார்ஜரின் சின்ன லைட்டும் அணைந்ததா என்று பார்த்தேன். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன், உள்ளே இருட்டு. அண்ணி மாதிரியே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டைகளைச் சாரத்து மடியில் போட்டுக்கொண்டு, செருப்பு இல்லாமல் தெருவால் சுற்றி ஓடினேன்.

அண்ணன் வீட்டு வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று யோசிக்கக்கூட நேரமில்லை. போய் நின்றபோது அண்ணன் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தலை நிறைய நரைத்துவிட்டது. தெருவில் தினமும் பார்க்கிற தலைதான், பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. கட்டைகளை மடியிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினேன். வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். "பாருங்க அண்ணி. நல்லாப் பாருங்க" என்றேன். அவர் தங்கள் ட்ரிப் சுவிட்சை ஏற்றி, குசினி பிளக்கில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்து, இறக்கி, வந்து மேசையில் ஏறி, எட்டு வயரையும் தொட்டார். ஒன்றும் பற்றவில்லை. பிறகு மறுபடியும் குசினிக்குப் போய் டெஸ்டர் இன்னும் சரியாகத்தான் இருக்கிறதா என்று பார்த்தார். இவ்வளவும் செய்து முடிக்கும் வரை அண்ணனும் நானும் பிள்ளைகள் மாதிரி காத்திருந்தோம்.

அதற்குப் பிறகுதான் அவர் வயர்களை அடையாளம் பிடித்தார். அந்த வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவர்களுடைய ஸ்டோரில் மாதிரிப் பைகளுக்குப் பெயர் எழுதுவதில்லை. சிங்களத்தில் எழுதினால் ஒருவருக்கு விளங்காது, தமிழில் எழுதினால் இன்னொருவருக்கு விளங்காது. அதனால் முதல் தரத்துப் பையில் நூலால் ஒரு முடிச்சு, இரண்டாம் தரத்துக்கு இரண்டு, கழிவுக்கு மூன்று. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே போதும். அதே வெள்ளை நூலை இங்கேயும் எடுத்து வந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை. "கபில நிறம் கரண்ட் வர்ற உயிர்க்கம்பி, நீலம் கரண்ட் திரும்பிப் போற நொதுமல்" என்று ஆரம்பித்தேன். "இதோ நாலு கபிலம் இருக்கு, இது நாலும் உங்க புது போர்டுல இருந்து வர்ற வயர்."

அண்ணி சேலைத் தலைப்பைத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து எடுத்து, ஒரு வயரை மேலே பலகைக்குள் போகிற இடம் வரை துடைத்தார். வெளிச்சமும் புகையும் படாத அந்த இடத்தில் வயர் நல்ல சிவப்பாக இருந்தது. அப்பா காலத்துச் சிவப்பு. வெளியே இருந்த பகுதி மட்டும் வருஷக்கணக்கில் மங்கி, புது வயரின் நிறத்துக்கு வந்திருந்தது. அண்ணனும் அதைத்தான் தன்னுடைய வயர் என்று நினைத்திருக்கிறார். நாலில் இரண்டு சிவப்பு. மூடியில் புள்ளி வைத்த அதே இரண்டு. அவற்றுக்கு ஒரு முடிச்சுப் போட்டார். "இது தம்பி வீடு" என்றார். மற்ற இரண்டுக்கும் நீலங்களுக்கும் இரண்டு முடிச்சு.

கடைசியில் ஒரு கறுப்பு வயர் தனியாக நின்றது. "கறுப்பு பழைய நொதுமல். அதுல பயமில்ல" என்றேன்.

"இருங்க தம்பி." விரலை வயரிலேயே வைத்து, அது பலகை வழியாகச் சுவரில் இறங்குகிற பக்கத்தைக் காட்டினார். "இது சுவிட்சுக்குப் போயிட்டுத் திரும்பி வர்ற கறுப்பு. சுவிட்சைப் போட்டா இதுலயும் கரண்ட் வரும். முந்தி ட்ரிப்பை ஏத்தினப்ப போட்டுப் பாத்தேன், பத்துச்சு. அணைச்சேன், நின்னுச்சு." மூன்று முடிச்சுப் போட்டார்.

இருபது வருஷமாகப் படிப்பிக்கிறேன். கறுப்பு வயர் சுவிட்சுக்குப் போய் உயிர்க்கம்பியாகத் திரும்பி வரும் என்று நான் ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை, எனக்கே தோன்றியதில்லை. யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டேன். "எங்க படிக்கிறது? எது எங்க இருந்து வருதுன்னு பாத்தா தெரியுது" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. கராம்பில் மொட்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்கிற அதே குரல்தான்.

சுவர் கட்டிய அன்றைக்கும் இவர் இதைத்தானே செய்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை அளக்கவில்லை, தரையை அளந்தார். அதைக்கூட விளங்கிக்கொள்ளாமல் இரண்டு வருஷத்தைப் பாழாக்கிவிட்டேன். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போதும் "நூல் போதுமா அண்ணி?" என்றுதான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

என் வீட்டுச் சிவப்புகள் இரண்டையும் தனியாக ஒரு கனெக்டரில் பூட்டி ஒதுக்கி வைப்பது, திங்கட்கிழமை வயரிங் பாஸைக் கூப்பிட்டு அந்த இணைப்பையே வெட்டி எடுப்பது, என் மெயின் சுவிட்சையும் மாற்றுவது என்று அண்ணி தீர்மானித்தார். நாங்கள் இருவரும் தலையாட்டினோம். பிறகு அவர் மேசையிலிருந்து இறங்கி, அண்ணனைப் பார்த்து, "இப்ப ஏறுங்க" என்றார்.

அண்ணன் ஏறினார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அது நாலு காலும் சமமான நல்ல மேசை, ஆடாது. ஆனாலும் ஆடியது. அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைத் திருகாணியில் வைத்துவிட்டுக் கீழே பார்த்தார்.

"என்னடா, மேசை ஆடுது?"

"அண்ணே," என்றேன். "கொஞ்சம் முந்தி நான் சொன்னேனே, தொடலாம்னு. அதைக் கேட்டு நீங்க கையை வச்சிருந்தீங்கன்னா..."

"வச்சிருப்பேன்," என்றார் அண்ணன், மறுபடி மேலே பார்த்துத் திருகாணியைத் திருப்பிக்கொண்டே. "நீதானே சொன்ன."